யூதாஸும்தான் பாவசங்கீர்த்தனம் பண்ணான்

தவக்காலம், அதான் ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள், வந்துட்டா எங்க பக்கத்து கோயில்கள்ல, தூத்துக்குடி கடற்கரையோரத்த சொல்றேன், நோட்டீஸ் போர்டுல ஒரு பேப்பர் ஒட்டிருவாங்க, இன்ன கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம், வெளியூர் சாமியார்மார் வர்றாங்கன்னு. பாவசங்கீர்த்தனம்னா பண்ண பாவத்த சாமியார்கிட்ட தனியா வாய்விட்டுச் சொல்லி மன்னிப்பு வாங்கறது. அந்த வெளியூர்ங்கறதுதான் முக்கியம். பங்கு சாமியாருக்கு நம்ம குரல் தெரியும், நம்ம வீடு தெரியும், அடுத்த வாரம் வீடு மந்திரிக்க நம்ம வீட்டுக்கே வருவாரு, அவர்கிட்ட போய் யாரு சொல்லுவா? அதனால வெளியூர்க்காரர் உக்காந்த பக்கம் வரிசை வாசப்படி வரைக்கும் போகும், பங்கு சாமியார் பக்கம் நாலு பாட்டிங்க மட்டும் செபமாலைய உருட்டிக்கிட்டு நிப்பாங்க. வந்தவரு வயசானவரு, காது வேற கொஞ்சம் மந்தம்னு தெரிஞ்சுட்டா போதும், அன்னைக்கு அவருக்குத்தான் கூட்டம்.

இத்தனைக்கும் பயப்படவே தேவையில்ல. அங்க கேட்டத சாமியார் போலீஸ்கிட்ட கூட, கோர்ட்ல கூட வாயத் திறக்கக் கூடாது, நேரடியா மீறினா அந்த நிமிஷமே சபைக்கு வெளியே, அத எடுத்துவிடுற அதிகாரம் ரோமாபுரிக்குத்தான். அவ்வளவு கறாரான சட்டம். ஆனா நமக்கு சாமியார் வெளிய சொல்லிருவாரோங்கற பயம் கிடையாது, அவரு மூஞ்சிய நாளைக்கு பாக்கணுமேங்கற பயம். பாவம் பண்ணும்போது கடவுள் பாக்குறாருன்னு தெரிஞ்சே பண்றோம், மனுஷன் ஒருத்தன் கேக்கப்போறான்னா மட்டும் தொண்டை அடைக்குது. இது ஏன்னு நான் ரொம்ப வருஷமா யோசிச்சிருக்கேன், இந்த தவக்காலத்துல அதப் பத்தி எழுதிருவோம்னு உக்காந்துட்டேன், நீளமா போனா மன்னிக்கவும்.

புதுநன்மைக்கு (முதல் தடவை நற்கருணை வாங்கறதுக்கு) ஞானோபதேசம்ங்கற வேதபாடம் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு 5 காரியம் வேணும்னு மனப்பாடம் பண்ண வைப்பாங்க. ஆத்தும சோதனை (என்ன பாவம் பண்ணோம்னு யோசிச்சுப் பாக்கறது), மனஸ்தாபம் (பண்ணதுக்கு வருத்தப்படறது), இனிமே செய்யமாட்டேங்கற பிரதிக்கினை, பாவத்த குருகிட்ட சொல்றது, அவரு பரிகாரமா கொடுக்கற அபராதத்த தீக்கறது. இத நம்ம ஆளுங்களுக்கு சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சது இன்னைக்கு நேத்து இல்ல. தமிழ் எழுத்துல முதல் புத்தகம் 1578-ல கொல்லத்துல அச்சாச்சு, அதுக்கு ரெண்டே வருஷம் கழிச்சு 1580-ல கொச்சியில போர்ச்சுக்கல்லேர்ந்து வந்த சாமியார் அண்டிரிக் அடிகளார் அச்சடிச்சது பாவசங்கீர்த்தனம் எப்படி பண்ணணும்னு சொல்லித்தர்ற ஒரு கையேடு. முத்துக்குளிக்கற எங்க பாட்டன் பூட்டன்களுக்காக பண்ணது. அப்ப தமிழ்ல அச்சுல வந்த புத்தகத்தையே ஒரு கை விரல்ல எண்ணிரலாம், அதுல ஒண்ணு இதுக்குன்னா பாத்துக்கோங்க.

அதுக்கு முந்தின கதை இன்னும் சுவாரஸ்யம். ஆதித் திருச்சபையில சாமியார் உக்காந்து பாவத்த கேக்கற இந்த தொட்டியும் கிடையாது திரையும் கிடையாது, பெரிய பாவம் பண்ணவன் ஊரறிய கோயில் வாசல்ல நிக்கணும், வருஷக்கணக்கா நிக்கணும், அதுவும் வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் அந்த சான்ஸ். அதனால நிறைய பேரு சாகப்போற நேரம் வரைக்கும் தள்ளிப்போட்டிருக்காங்க. அப்புறம் அயர்லாந்து பக்கத்து துறவிகள்தான் தனியா சொல்றது, திரும்பத் திரும்ப சொல்றதுங்கற பழக்கத்த ஐரோப்பாவுக்குள்ள கொண்டு வந்தாங்க. 1215-ல நாலாவது லாத்தரன் சங்கம், அதான் மேற்றாணிமார் கூடின பொதுச்சங்கம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது கட்டாயம்னு சொல்லிருச்சு. நடுவுல தடுப்பு வெச்ச அந்த மரத் தொட்டி வந்ததெல்லாம் 16-ஆம் நூற்றாண்டுல, மிலான் மேற்றாணியார் சார்லஸ் பொரோமேயு காலத்துல. ஆக ஊரு முன்னாடி நின்னவன் படிப்படியா திரைக்குப் பின்னாடி போயிட்டான், அவ்வளவுதான் வரலாறு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்த 5 காரியத்த வெச்சு, இயேசுவ காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸ கொஞ்சம் பாருங்க. மத்தேயு 27-ஆம் அதிகாரம். இயேசுவுக்கு தண்டனைன்னு தெரிஞ்சதும் அவனுக்கு மனசு குத்துது, அது ஆத்தும சோதனையும் மனஸ்தாபமும். காசு வேணாம்னு முடிவு பண்றான். நேரா குருக்கள்கிட்டயே போறான், ஆமா குருக்கள்கிட்டதான், குற்றமில்லாதவர் ரத்தத்த காட்டிக்கொடுத்து பாவம் பண்ணிட்டேன்னு சுத்தி வளைக்காம வாயால சொல்றான், எந்த சாக்கும் சொல்லல, அவங்க தூண்டிவிட்டாங்கன்னு கூட சொல்லல. வாங்கின 30 வெள்ளிக்காச திருப்பிக் கொடுக்கறான், அது பரிகாரம். நம்ம ஊர்ல எத்தனை பேரு வாங்கின காச திருப்பிக் கொடுத்திருக்கான் சொல்லுங்க? ஞானோபதேச பரீட்சையில யூதாஸுக்கு நூத்துக்கு நூறு போடலாம்.

அதுக்கு அந்த குருக்கள் சொன்ன பதில்தான் என்னைய தூங்கவிடாத பதில். "எங்களுக்கென்ன, அது உன்பாடு."

அவ்வளவுதான். அவன் காச கோயில்ல வீசிட்டு போய் தூக்குல தொங்கிட்டான். பிரசங்கத்துல எப்பவும் யூதாஸ் விசுவாசமில்லாம போனான், நம்பிக்கைய விட்டுட்டான்னு அவன் தலையிலயே போடுவாங்க. சரிதான், அவன் போயிருக்க வேண்டிய இடம் வேற. ஆனா அந்த காலையில அவன் சொன்னத கேட்டவங்களப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டாங்க. தப்ப ஒத்துக்க வந்தவன் முன்னாடி, மன்னிக்கற எண்ணமே இல்லாத ஆளுங்க உக்காந்திருந்தா அது பாவசங்கீர்த்தனம் இல்ல, போலீஸ் ஸ்டேஷன்ல கொடுக்கற வாக்குமூலம்.

இதுக்கு நேர் எதிர்ல இராயப்பர் இருக்காரு, அதான் சீடர்கள்ல தலைவரான பேதுரு. அவரும் அதே ராத்திரிதான் மூணு தடவ இயேசுவ தெரியவே தெரியாதுன்னாரு, பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. ஆனா அவரு எங்கயும் பாவத்த எடுத்துச் சொன்னதா சுவிசேஷத்துல இல்லவே இல்ல! அழுதாரு, அது இருக்கு. அப்புறம் மீன்பிடிக்கப் போய்ட்டாரு (எங்க ஊர்க்காரங்களுக்கு இந்த இடம் ரொம்ப பிடிக்கும், மனசு சரியில்லன்னா எங்காளும் கடலுக்குத்தான் போவான்). கரைக்கு வந்து பாத்தா இயேசு கரிநெருப்பு போட்டு மீன சுட்டு வெச்சிருக்காரு, வாங்க சாப்பிடுங்கன்னு. அவரு மறுதலிச்ச ராத்திரி குளிர் காஞ்சதும் கரிநெருப்புலதான், யோவான் ரெண்டு இடத்துலயும் அத விடாம எழுதிருக்காரு. சாப்பாடு முடிஞ்ச பிறகுதான் கேள்வியே வருது, என்னை நேசிக்கிறியான்னு, மூணு தடவ. மூணாவது தடவ இராயப்பருக்கு வலிச்சிருச்சு. முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் காயத்துல கை வைக்கறது.

இயேசு சொன்ன கெட்டுப்போன மகன் கதையிலயும், அப்பா சொத்த வாங்கிட்டுப் போய் அழிச்சவன் கதை, இதுதான் நடக்குது. பன்னி மேய்க்கற எடத்துல இருந்தே அவன் அப்பாகிட்ட பேச வேண்டியத ரிகர்சல் பாத்து வெச்சிருக்கான், பரத்துக்கும் உமக்கும் எதிரா பாவம் பண்ணேன், இனிமே உம்ம மகன்னு சொல்ல லாயக்கில்ல, கூலிக்காரன்ல ஒருத்தனா என்னை வெச்சுக்கோங்கன்னு. லூக்கா 15-ல 19-ஆம் வசனத்தையும் 21-ஆம் வசனத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சுப் பாருங்க, வீட்டுக்கு வந்து பேசும்போது அந்த கடைசி கூலிக்காரன் வரி வராது. அத சொல்ல அப்பா விடவே இல்ல. அதுக்கு முன்னாடியே ஓடிவந்து கழுத்த கட்டிக்கிட்டாரு. மகன் பாவத்த சொல்லி முடிக்கறதுக்குள்ள மன்னிப்பு வந்து சேந்துருச்சு. வரி வசூல் பண்ற சகேயுவும் அப்படித்தான், இன்னைக்கு உன் வீட்டுலதான் தங்கப்போறேன்னு இயேசு சொன்னதுக்கு அப்புறம்தான் பாதி சொத்து ஏழைங்களுக்கு, ஏமாத்தினது நாலு மடங்கு திருப்பித் தர்றேன்னு அந்த ஆளு வாயத் திறக்கறான். அதுக்கு முன்னாடி ஊரே அவன பாவின்னு சொல்லிட்டுதான் இருந்துச்சு, ஒரு காசு எடுத்து வெச்சானா?

இதெல்லாம் பைபிள்ல நல்லாருக்கும்ப்பா நிஜத்துல நடக்குமான்னு கேப்பீங்க. எனக்கும் அந்த கேள்வி இருந்துச்சு, ராணி மரியா சிஸ்டர் கதைய முழுசா தெரிஞ்சுக்கற வரைக்கும்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். கேரளாவுல எர்ணாகுளம் பக்கம் புல்லுவழிங்கற ஊர்ல 1954-ல பிறந்தவங்க, பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபை கன்னியாஸ்திரி. மத்தியப் பிரதேசத்துல உதய்நகர்ங்கற இடத்துல ஆதிவாசி விவசாயிங்க மத்தியில வேலை பாத்தாங்க. வட்டிக்காரங்க பிடியிலேர்ந்து அந்த ஜனங்கள வெளிய கொண்டு வர்றது, அரசாங்க உதவி என்னென்ன கிடைக்கும்னு சொல்லித்தர்றது, குழுவா சேந்து சேமிக்க வைக்கறதுன்னு போயிட்டிருந்தாங்க. இது அங்க நிலம் வெச்சிருந்தவங்களுக்கும் வட்டிக்கு விட்டவங்களுக்கும் பிடிக்கல. 1995 பிப்ரவரி 25, இந்தூருக்குப் போற பஸ்ல வெச்சே சமுந்தர் சிங்னு ஒரு இளைஞன் அவங்கள கத்தியால குத்தினான். ஒண்ணு ரெண்டு இல்ல, உடம்புல 54 காயம். வெளிய இழுத்துப் போட்டும் குத்தினான். அவங்களுக்கு அப்ப வயசு 41.

ஆயுள் தண்டனை கிடைச்சுது. உள்ள இருந்த அந்த ஆளுக்கு வருத்தம் வந்துச்சான்னா, இல்ல, கோவம்தான் வந்துச்சு. தூண்டிவிட்டவங்க கைகழுவிட்டு போய்ட்டாங்க, வெளிய போனதும் தூண்டிவிட்டவன தீத்துக் கட்டணும்னு இருந்திருக்கான். பொண்டாட்டி விட்டுட்டுப் போய்ட்டாங்க. பாருங்க, அவனையும் "அது உன்பாடு"ன்னு விட்டவங்கதான் சுத்தி.

சதானந்த்னு சுவாமி மாதிரி வாழ்ந்த ஒரு கத்தோலிக்க குரு அவன ஜெயில்ல போய்ப் போய்ப் பாத்து பேசியிருக்காரு. அப்புறம் 2002 ஆகஸ்ட், ரக்ஷா பந்தன் நேரம், ராணி மரியாவோட கூடப்பிறந்த தங்கச்சி செல்மி பால், அவங்களும் அதே சபையில சிஸ்டர், இந்தூர் ஜெயிலுக்குப் போய் அவன் கையில ராக்கி கட்டினாங்க. எந்தக் கையில? அக்காவ குத்தின கையில. சகோதரன்னு ஏத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷம் அம்மா போனாங்க, மகளோட ரத்தம் பட்ட அந்த கைய எடுத்து முத்தம் கொடுத்தாங்க. நான் இதப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் எந்திரிச்சு நடந்துட்டு வந்தேன், எனக்கு புரியல, இப்பவும் முழுசா புரியலன்னுதான் சொல்லணும். குடும்பமும் சபையும் சேந்து அவன விடுதலை பண்ணச் சொல்லி மனு கொடுத்து 2006-ல வெளிய வந்தான். கேரளாவுக்குப் போய் அவங்க அப்பாவையும் பாத்தான். 2017 நவம்பர் 4 இந்தூர்ல ராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) கொடுத்தப்ப சமுந்தர் சிங்கும் அந்த கூட்டத்துல இருந்தாரு. உதய்நகர்ல கல்லறைக்கு வந்து போய்க்கிட்டுதான் இருக்காரு. என்ன பண்ணேன்னு யார் கேட்டாலும் மறைக்காம சொல்றாரு.

இங்கதான் நான் சொல்ல வந்தது. இந்த கதைய சொல்றவங்க எல்லாரும் அந்த குடும்பம் எவ்வளவு பெரிய மனசுன்னு சொல்லி முடிச்சுருவாங்க. சமுந்தர் சிங் பக்கம் வந்து நின்னு யாரும் பாக்கறதில்ல. ஏழு வருஷம் ஜெயில் வாங்கித்தர முடியாத ஒண்ண ஒரு நூல்கயிறு வாங்கித் தந்திருக்கு, அந்த ஆளு வாயிலேர்ந்து நான்தான் பண்ணேன், தப்பு பண்ணேன்னு. தண்டனைக்கு பயந்து ஒத்துக்கறவன் எவ்வளவு குறைச்சு சொல்லலாம்னு பாப்பான். மன்னிச்சாச்சுன்னு தெரிஞ்சவன்தான் முழுசா சொல்லுவான். நம்ம ஞானோபதேச வரிசையில மன்னிப்பு கடைசியில வருது, 5 காரியமும் முடிச்சா பரிசு மாதிரி. நிஜத்துல அது முன்னாடியே வந்து உக்காந்திருக்கணும், இல்லன்னா முதல் காரியமே நடக்காது. திரைக்கு அந்தப் பக்கம் இருக்கறவரு கோவப்படமாட்டாருன்னு உறுதியா தெரிஞ்சதாலதான் அந்த காது மந்தமான சாமியார் பக்கம் அவ்வளவு கூட்டம், இல்லையா?

என் சிஎஸ்ஐ ஃப்ரெண்ட் ஒருத்தன் உண்டு, புராட்டஸ்டண்ட் சபை, இத சொன்னா உடனே சண்டைக்கு வருவான், நடுவுல மனுஷன் எதுக்குடா, நேரா ஆண்டவர்கிட்ட அறிக்கையிட வேண்டியதுதானேன்னு யோவான் நிருபத்த எடுத்துப் போடுவான். நான் பதிலுக்கு யாக்கோபு 5:16-அ போடுவேன், ஒருத்தருக்கொருத்தர் குற்றத்த அறிக்கையிடுங்கன்னு. இது பல வருஷமா போயிட்டிருக்கற சண்டை, அவன் வீட்டுல டீ குடிச்சுட்டுதான் முடியும். ஆனா ஒரு விஷயத்துல ரெண்டு பேரும் ஒத்துப்போவோம். கடவுள்கிட்ட சொல்லிட்டேன், அவரு மன்னிச்சுட்டாரு, முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு யாருக்கு தப்பு பண்ணானோ அவன் வீட்டுப் பக்கம் தலைகாட்டாதவன் ரெண்டு சபையிலயும் நிறைய இருக்கான்.

செபக் கூட்டத்துல சாட்சி சொல்றாங்களே, அத கவனிச்சிருக்கீங்களா. நான் பெரிய குடிகாரன், பொண்டாட்டிய அடிச்சேன், நகைய வித்தேன், ஆண்டவர் என்னைத் தொட்டாருன்னு மைக்க பிடிச்சு அரைமணி நேரம், அடிச்ச கதைய சொல்லும்போது குரல்ல ஒரு பெருமை கூட வந்துரும், கூட்டம் அல்லேலூயா போடும். அந்த அடிய வாங்கினவங்க பெண்கள் பக்கம் கடைசி வரிசையில முக்காட்ட இழுத்து விட்டுட்டு உக்காந்திருப்பாங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டானான்னு யாரும் கேக்கமாட்டாங்க. வித்த நகைய திருப்பி வாங்கிக் கொடுத்தானான்னும் கேக்கமாட்டாங்க. மோசே சட்டத்துலயே எண்ணாகமம் 5-ல இருக்கு, பாவத்த அறிக்கையிட்டு, எடுத்தத திருப்பிக் கொடுத்து, அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு சேத்துக் கொடுன்னு, யாருக்கு தப்பு பண்ணியோ அவன் கையில கொடுன்னு. சகேயு நாலு மடங்கு. நம்மாளுக்கு ஒரு மைக்.

பூசையில சமாதானம் சொல்ற நேரம் இன்னும் மோசம். வரப்புத் தகராறுல பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி எங்க ஊர்ல எத்தனையோ பேரு, ஒரே கோயில்ல, சில சமயம் ஒரே வரிசையில. ஒருவருக்கொருவர் சமாதானத்தைத் தெரிவிப்போம்னதும் முன்னாடி இருக்கறவனுக்கு ஒரு கும்பிடு, பின்னாடி இருக்கறவனுக்கு ஒரு கும்பிடு, கூடப்பிறந்தவன் இருக்கற பக்கம் மட்டும் கழுத்து திரும்பாது. பிறகு ரெண்டு பேரும் போய் நற்கருணை வாங்கிட்டு வருவாங்க. காணிக்கைய பலிபீடத்துக்கு முன்னாடியே வெச்சுட்டு போய் முதல்ல சகோதரனோட ஒப்புரவாகுன்னு மத்தேயு 5-ல சொன்னத சீரியஸா எடுத்தா பாதி கோயில் அந்த நேரம் எந்திரிச்சு வெளிய போகணும், கேட்டுல ட்ராஃபிக் ஜாம் ஆயிரும்.

ஆனா இன்னொரு பக்கம் ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா இதப் படிச்சுட்டு யாராவது தப்பா எடுத்துக்கப் போறாங்க. அடிபட்டவங்கள உக்காத்தி வெச்சு நீ மன்னிச்சுதான் ஆகணும், இயேசுவே மன்னிச்சாரு உனக்கென்னன்னு நெருக்கறதுக்கு யாருக்கும் உரிமை இல்ல. செல்மி பால் சிஸ்டர் அந்த ஜெயில் வாசலுக்குப் போக 7 வருஷம் ஆச்சு, துறவிக்கே 7 வருஷம். மன்னிச்சா கேஸ வாபஸ் வாங்கணும்ங்கறதும் கிடையாது. ஒடிசாவுல மனோகர்பூர்ல 1999 ஜனவரியில ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவரோட ரெண்டு சின்ன பையன்களையும், பிலிப்புக்கு 10 வயசு திமோத்திக்கு 6, வண்டிக்குள்ள வெச்சு எரிச்சாங்க. அவங்க மனைவி கிளாடிஸ் உடனே மன்னிச்சேன்னு சொன்னாங்க, சொல்லிட்டு அந்த ஊர விட்டு ஓடாம மகளோட அங்கயே தங்கி தொழுநோயாளிங்க ஆஸ்பத்திரி வேலைய கொஞ்ச வருஷம் பாத்தாங்க. ஆனா கேஸு அதுபாட்டுக்கு நடந்துச்சு, அந்த கொலைக்கு முக்கிய குற்றவாளியான தாரா சிங்குக்கு ஆயுள் தண்டனைய சுப்ரீம் கோர்ட் 2011-ல உறுதி பண்ணுச்சு. மன்னிக்கறது அவங்க வேலை, சட்டம் அரசாங்கத்தோட வேலைங்கற தெளிவு அந்தம்மாகிட்ட இருந்துச்சு. நம்ம ஊர்ல பங்குப் பேரவைய கூட்டி பிரச்சனைய அமுக்கறவங்களுக்கு அந்த தெளிவு இல்ல, இல்லாத மாதிரி நடிக்கறாங்க.

கடைசியா ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு. ராணி மரியா சிஸ்டர் போன பஸ்ல மத்த பயணிங்க இருந்தாங்க. டிரைவர் இருந்தாரு. பட்டப்பகல். ஒருத்தர் குறுக்க வரல, பயம்தான், நான் இருந்திருந்தாலும் என்ன பண்ணிருப்பேனோ தெரியாது. சமுந்தர் சிங்குக்கு ராக்கி கட்ட ஒருத்தங்க வந்தாங்க, அவரு மன்னிப்பு வாங்க ஒரு வீடு இருந்துச்சு. அந்த பஸ்ல சீட்டுல உக்காந்து பாத்தவங்க யார்கிட்ட போய் சொல்லிருப்பாங்க? பூசை ஆரம்பத்துல சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும்னு வாரா வாரம் நெஞ்சுல தட்டிக்கறோம், முதல் மூணுக்கும் தொட்டியில வரிசை நிக்குது, நாலாவத யாரும் பாவமா நினைச்சு எடுத்துட்டு வர்றதா எனக்கு தெரியல. ஒரு சாமியார்கிட்ட இதக் கேட்டேன். ரொம்ப அபூர்வம், வர்றவங்க பெரும்பாலும் பண்ணத சொல்றாங்க, பண்ணாம விட்டத சொல்ல மாட்டாங்கன்னாரு. அதப் பத்தி தனியா எழுதணும், இதுவே ஏகத்துக்கு நீண்டுருச்சு.